சார்ஜ் ஆகும்போதே ஓடும் கருவி: சோலார், யூஎஸ்பி, பேட்டரி மூன்றில் யாருக்கு முதல் உரிமை?

9 ஜூன் 2024: வாசகர் ஒருவரின் கேள்வி

ஐயா, 18650 எனப்படும் லித்தியம் அயனி செல் ஒன்றையும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டிபி4056 சார்ஜர் போர்டு ஒன்றையும் வைத்துச் சிறிய எஃப்.எம். வானொலிப் பெட்டி ஒன்று செய்திருக்கிறேன். வானொலியின் இரண்டு கம்பிகளையும் நேராகச் செல்லின் முனைகளிலேயே பற்றவைத்துவிட்டேன். வானொலியை அணைத்துவிட்டுச் சார்ஜ் போட்டால் மூன்று மணி நேரத்தில் சிவப்பு விளக்கு போய் நீல விளக்கு வருகிறது. பாடிக்கொண்டிருக்கும்போது போட்டால் விடிய விடியச் சிவப்பாகவே இருக்கிறது. செல் பழுதா, போர்டு பழுதா? இதனுடன் சோலார் பேனல் ஒன்றையும் சேர்க்க நினைக்கிறேன். சரிவருமா?

9 ஜூன் 2024, இரவு

செல்லிலும் பழுதில்லை, போர்டிலும் பழுதில்லை. கம்பியைப் பற்றவைத்த இடம்தான் தவறு.

லித்தியம் அயனி செல்லுக்குச் சார்ஜ் போடுவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில், செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டை எட்டும் வரை சார்ஜர் ஒரே அளவு மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. இரண்டாவது கட்டத்தில் மின்னழுத்தத்தை 4.2 வோல்ட்டிலேயே நிறுத்திக்கொள்ள, செல் நிரம்ப நிரம்ப மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வருகிறது. அது முதலில் வைத்த அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும், செல் நிரம்பிவிட்டது என்று டிபி4056 முடிவு செய்து நிறுத்திவிடுகிறது. உங்கள் போர்டு 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டிருந்தால் அந்த எல்லை 100 மில்லிஆம்பியர். உங்கள் வானொலியோ, ஒலிபெருக்கியையும் சேர்த்தால், 150 மில்லிஆம்பியர் எடுக்கக்கூடியது. செல் முழுக்க நிரம்பிய பிறகும் சார்ஜரிலிருந்து 150 மில்லிஆம்பியர் வெளியேறிக்கொண்டே இருப்பதால், 100 என்ற எல்லை அதன் கண்ணில் படவே வாய்ப்பில்லை. குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று வாய்க்கால் தலைப்பில் நின்று அளப்பவருக்கு, மறுகரையில் ஒருவர் மடையைத் திறந்து வைத்திருப்பது எப்படித் தெரியும்?

இதனால் உடனே தீப்பிடித்துவிடாது. ஆனால் மணிக்கணக்கில் 4.2 வோல்ட்டிலேயே பிடித்து வைக்கப்படும் லித்தியம் செல் விரைவில் முதுமை அடைகிறது என்பது உறுதி. சோலார் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அது தனிக் கதை.

10 ஜூன் 2024

நேற்று "1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டிருந்தால்" என்று எழுதினேன். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சார்ஜ் மின்னோட்டத்தை முடிவு செய்வது, போர்டிலுள்ள டிபி4056 ஐசிக்குப் (சில்லுக்கு) பக்கத்தில் இருக்கும் சிறிய ரெசிஸ்டர் (மின்தடை). அதில் "122" என்று பொறித்திருந்தால் அது 1.2 கிலோஓம், அதாவது 1 ஆம்பியர். அதை எடுத்துவிட்டு 2 கிலோஓம் வைத்தால் ஏறக்குறைய 580 மில்லிஆம்பியர், 10 கிலோஓம் வைத்தால் 130 மில்லிஆம்பியர். சிறிய செல் வைத்திருப்பவர்கள் இதை மாற்றாமல் பயன்படுத்தவே கூடாது.

14 ஜூன் 2024

இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு நீட்டிப் பதில் எழுதுவதற்குக் காரணம் உண்டு.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியலுக்கு முன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்துவிட்டன. மின்சாரம் திரும்பப் பல நாள் ஆயிற்று. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தபோது, என்னிடம் நானே செய்த பெட்டி ஒன்று இருந்தது: ஒரு 18650 செல், 1 வாட் பேனல், டிபி4056, 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் சிறு போர்டு, வானொலி, எல்இடி விளக்கு. முதல் இரண்டு நாள் அதுதான் எங்கள் தெருவுக்கே செய்தி சொன்னது. மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைக்காமல் தூங்கிவிட்டோம். காலையில் செல் சுத்தமாக இறங்கியிருந்தது. வெயிலும் நன்றாகத்தான் அடித்தது. பேனலை மாடியில் வைத்து மாலை வரை காத்திருந்தேன். பெட்டிக்கு உயிர் வரவில்லை. செல் செத்துவிட்டது என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

என்ன நடந்தது என்பது ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது. செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் டிபி4056 அதற்கு முழு மின்னோட்டத்தைக் கொடுக்காது. பாதுகாப்புக்காக ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை மட்டும் சொட்டுச் சொட்டாக விடும். நான் விளக்கின் சுவிட்சை அணைக்கவில்லை. மின்னழுத்தத்தை உயர்த்தும் போர்டுகள், உள்ளே வரும் மின்னழுத்தம் குறையக் குறைய, அதே திறனைத் தருவதற்காக இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுப்பவை. சொட்டுவது அத்தனையையும் என் பெட்டியிலிருந்த அந்தப் போர்டு குடித்துவிட்டது. செல்லுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சுவிட்சை அணைத்திருந்தால் மாலைக்குள் வானொலி பாடியிருக்கும்.

அந்த மாலையை நான் மறக்கவில்லை. ஆகையால்தான், கருவியைச் செல்லின் முனைகளில் தொங்கவிடாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

15 ஜூன் 2024

இனிச் செய்ய வேண்டியது. கருவி தன் மின்சாரத்தை முதலில் வெளி மூலத்திலிருந்து எடுக்க வேண்டும். மிஞ்சுவது செல்லுக்குப் போக வேண்டும். வெளி மூலம் இல்லாதபோது மட்டும் செல் கருவியைத் தாங்க வேண்டும். வயலுக்கு வாய்க்காலில் நேராகப் பாயவிட்டு, மிச்சத்தைக் குளத்தில் தேக்குவது போன்ற ஏற்பாடு இது.

இதற்கு மூன்றே உறுப்புகள் போதும்: ஒரு ஷாட்கி டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது), ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் (கேட் என்ற காலின் மின்னழுத்தத்தைப் பார்த்து, டிரெயின், சோர்ஸ் என்ற மற்ற இரு கால்களுக்கு இடையே மின்சாரத்துக்கு மடைபோலத் திறந்து மூடுவது), ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டர். யூஎஸ்பியின் 5 வோல்ட், டையோடு வழியாகக் கருவிக்குப் போகிறது. செல்லின் நேர்முனை, மாஸ்ஃபெட்டின் டிரெயினில் இணைகிறது. கருவி அதன் சோர்ஸில் இணைகிறது. மாஸ்ஃபெட்டின் கேட், யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் கட்டப்பட்டு, 100 கிலோஓம் வழியாகத் தரைக்கும் (சுற்றின் எதிர்முனைக்கும்) இழுக்கப்பட்டிருக்கிறது. யூஎஸ்பி செருகியிருக்கும்போது கேட்டில் 5 வோல்ட், சோர்ஸில் 4.7 வோல்ட், மாஸ்ஃபெட் மூடிக்கொள்ளும், செல்லைச் சார்ஜர் மட்டும் தொடும். யூஎஸ்பியைப் பிடுங்கியதும் ரெசிஸ்டர் கேட்டைத் தரைக்கு இழுக்கும். மாஸ்ஃபெட் திறந்து செல் கருவியைத் தாங்கும். இந்த ஏற்பாட்டை மைக்ரோசிப் நிறுவனம் தன் ஏஎன்1149 என்ற குறிப்பில் விளக்கமாக வெளியிட்டிருக்கிறது.

டிரெயினையும் சோர்ஸையும் மாற்றிப் பற்றவைத்துவிடாதீர்கள். பார்க்க விசித்திரமாகத் தோன்றும். வழக்கமாகப் பி-சேனலில் மூலத்தைச் சோர்ஸில்தான் கட்டுவோம். இங்கே மாஸ்ஃபெட்டுக்குள் ஒளிந்திருக்கும் டையோடு, கருவியிலிருந்து செல்லை நோக்கிப் பாயவிடாதபடி திரும்பியிருக்க வேண்டும். மாற்றி வைத்தால் யூஎஸ்பியின் மின்சாரம் சார்ஜரைத் தாண்டிக் கட்டுப்பாடின்றி நேராகச் செல்லுக்குள் போகும். இது உண்மையிலேயே ஆபத்தான பிழை.

மாஸ்ஃபெட், 3 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். நான் ஏஓ3401 பயன்படுத்துகிறேன். ஷாட்கி டையோடுக்குப் பதிலாகச் சாதாரணச் சிலிக்கான் டையோடு வைத்தால் 0.3 வோல்ட் இழப்பு 0.7 ஆகிவிடும், அதையும் தவிர்க்கவும்.

23 ஜூன் 2024: திருத்தம்

15ஆம் தேதி எழுதிய சுற்று யூஎஸ்பிக்குச் சரி. சோலார் பேனலுக்கு அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதை அன்றே எழுதாதது என் பிழை.

அந்தச் சுற்றில் யூஎஸ்பியின் இடத்தில் 6 வோல்ட் 3 வாட் பேனலை இணைத்து, ஒரு வாரம் மாடியில் வைத்திருந்தேன். ஐந்து நாள் ஒரு குறையும் இல்லை. ஆறாம் நாள் நண்பகல், வானொலி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தபோதே நின்றுபோனது. திறந்து பார்த்தால் ஒலிபெருக்கி ஐசியின் முதுகில் மிளகு அளவு கொப்புளம். தொட முடியாத சூடு.

காரணம் இது. 6 வோல்ட் பேனல் என்பது, வேலை செய்யும்போது 6 வோல்ட் தரும் பேனல். அதிலிருந்து யாரும் எடுக்காதபோது அதன் முனைகளில் 7 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். முதல் ஐந்து நாளும் செல் பசியோடு இருந்ததால் சார்ஜர் பேனலைக் கீழே இழுத்து வைத்திருந்தது. ஆறாம் நாள் செல் நிரம்பியது, நீல விளக்கு எரிந்தது, சார்ஜர் கையை எடுத்துவிட்டது, பேனல் எழும்பியது. டையோடைத் தாண்டி 6.8 வோல்ட், 5.5க்கு மேல் கொடுக்கக் கூடாத பிஏஎம்8403 என்ற அந்த ஒலிபெருக்கி ஐசியின் தலையில் விழுந்தது. சார்ஜர் ஐசிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது 8 வோல்ட் வரை தாங்கும்.

எல்லாம் சரியாக இயங்கி முடித்த நாளில்தான் பிழை வெளிப்பட்டது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அரை மணி நேரம் சோதித்துவிட்டுப் பெட்டியை மூடுபவர்கள் இதைக் காணவே மாட்டார்கள்.

24 ஜூன் 2024

கணிப்பானில் பேனலும் பட்டன் செல்லும் சேர்ந்து எப்படி இருக்கின்றன என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பொறியியல் மாணவர்கள் கையில் இருக்கும் காசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் கணிப்பானின் முகப்பிலேயே "டூ வே பவர்" (இருவழி மின்சாரம்) என்று எழுதியிருக்கும். மேலே பேனல், உள்ளே எல்ஆர்44 செல். அந்தச் செல் சார்ஜ் ஏற்கும் வகையன்று. ஆகவே பேனல் அதற்குள் ஒரு துளியும் செலுத்தக் கூடாது. அதன் சுமையை மட்டும் குறைக்கலாம். பெயர் தெரியாத வேறொரு பழைய கணிப்பானைத் திறந்தபோது, பேனலுக்குக் குறுக்கே சிறிய சிவப்பு எல்இடி ஒன்று வெளியே தெரியாத இடத்தில் பற்றவைக்கப்பட்டிருந்தது. வெளிச்சம் காட்ட அதை வைக்கவில்லை. வெயிலில் பேனல் எழும்பும்போது எல்இடி கடத்தத் தொடங்கி, மின்னழுத்தத்தை ஏறக்குறைய 1.6 வோல்ட்டில் பிடித்துவிடுகிறது. நேற்று நான் எழுதிய, என் ஒலிபெருக்கி ஐசியைக் கொன்ற அதே சிக்கலுக்கு, மைக்ரோ ஆம்பியர் அளவில் யாரோ ஒருவர் கண்ட தீர்வு. கலிங்கு வைத்துக் குளத்தைக் காப்பது போல. எங்கள் 3 வாட் பேனலுக்கு இது பொருந்தாது, எல்இடி எரிந்துபோகும்.

2 ஜூலை 2024

புதிய ஒலிபெருக்கி ஐசி போட்டு, அதற்கு முன்னால் 5 வோல்ட்டுக்குக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒன்றையும் வைத்தேன். வானொலி இப்போது வெயிலில் நன்றாகப் பாடுகிறது, இரவில் செல்லில் நன்றாகப் பாடுகிறது. மேகம் கடக்கும்போது மட்டும் கரகரக்கிறது. செல்லில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது, பேனலும் ஓரளவு தருகிறது. இரண்டு பேர் தாங்க இருந்தும் வானொலி தள்ளாடுகிறது.

3 ஜூலை 2024

பிடித்துவிட்டேன். மல்டிமீட்டரின் ஊசிகளைக் கேட்டிலும் சோர்ஸிலும் மாறி மாறி வைத்துக்கொண்டு, மேகத்துக்காக மாடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேகம் வந்ததும் பேனலால் 100 மில்லிஆம்பியர்தான் தர முடிகிறது. சார்ஜர் 580 கேட்கிறது. கேட்பது கிடைக்காதபோது பேனலின் மின்னழுத்தம் சரிந்து, செல்லின் மின்னழுத்தத்துக்குச் சற்று மேலே, 3.9 வோல்ட் அளவில் வந்து நிற்கிறது. மாஸ்ஃபெட்டின் கேட் அந்த 3.9இல்தான் கட்டப்பட்டிருக்கிறது. பேனல் இன்னும் இருக்கிறது என்று நம்பி மாஸ்ஃபெட் மூடியே இருக்கிறது. டையோடு வழியாக வருவதோ வலுவில்லாத 3.5 வோல்ட், வானொலி ஒலி கூட்டி இழுத்தால் அதுவும் சரிகிறது. உள்ளே ஒளிந்திருக்கும் டையோடு 0.6 வோல்ட்டைத் தின்றுவிட்டுச் செல்லிலிருந்து 3.2 வோல்ட்டைக் கசியவிடுகிறது. அதைத்தான் கரகரப்பாகக் கேட்டேன்.

யூஎஸ்பி இருந்தால் முழுதாக இருக்கும், இல்லையென்றால் முழுதாக இல்லாமல் போகும். அந்தச் சுற்று அப்படிப்பட்ட மூலத்துக்காகப் பிறந்தது. சூரியனோ பாதி இருக்கும், கால்வாசி இருக்கும், ஐந்து நிமிடத்தில் மாறும். அதனிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கேட்கத் தெரிந்த சார்ஜர் வேண்டும். 15ஆம் தேதி "மூன்றே உறுப்புகள் போதும்" என்று எழுதியதை, யூஎஸ்பி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு என்று திருத்திப் படியுங்கள்.

11 ஆகஸ்ட் 2024

டெக்ஸஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் பிக்யூ24074 என்ற சார்ஜர் ஐசி உள்ள ஆயத்த போர்டு வந்து சேர்ந்தது. இந்த ஐசியின் பக்கம் 3 மில்லிமீட்டர்தான். கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. கையால் பற்றவைக்க முயலாமல் போர்டாகவே வாங்குவது நல்லது.

இதில் உள்வாய், செல், கருவி என்று மூன்று தனித்தனி முனைகள் இருக்கின்றன. உள்ளே எவ்வளவு வந்தாலும் கருவிக்கு 4.4 வோல்ட்டுக்கு மேல் போகாது; ஆகவே ஜூன் 23இல் நடந்தது நடக்காது. உள்வாயில் 10.5 வோல்ட்டைத் தாண்டினால் கதவையே மூடிவிடும். கருவிக்குப் போகும் மின்னழுத்தம் 4.3 வோல்ட் அளவுக்குச் சரிந்தால், மூலம் தளர்கிறது என்று புரிந்துகொண்டு செல்லுக்குப் போகும் மின்னோட்டத்தை முதலில் குறைக்கிறது. செல்லுக்கு ஒன்றும் கொடுக்காமல் நிறுத்திய பிறகும் கருவிக்குப் போதவில்லையென்றால், செல்லே திரும்பி வந்து கை கொடுக்கிறது. பேனலும் செல்லும் சேர்ந்து கருவியைத் தாங்குகின்றன. ஜூலை 3ஆம் தேதி எனக்குத் தேவைப்பட்டது இதுதான். மேகம் கடக்கும்போது இப்போது ஒலியில் ஒரு சிறு நடுக்கமும் இல்லை.

யூஎஸ்பி, பேனல் இரண்டையும் ஒரே உள்வாயில் எப்படிச் சேர்ப்பது? ஆளுக்கொரு ஷாட்கி டையோடு வைத்துச் சேர்த்தேன். டையோடு இல்லாமல் சேர்த்தால் பேனலின் 7 வோல்ட் மடிக்கணினியின் யூஎஸ்பி வாய்க்குள் பின்னோக்கிப் பாயும். அதைச் செய்துவிடாதீர்கள்.

மின்னழுத்தம் கூடிய பேனலே எப்போதும் வென்று, யூஎஸ்பி சும்மா இருக்கும் என்று நினைத்திருந்தேன். நடந்தது அதைவிட அழகானது. கருவியும் செல்லும் சேர்ந்து 500 மில்லிஆம்பியர் கேட்கும்போது, பேனலால் அவ்வளவு தர முடியாமல் அதன் மின்னழுத்தம் யூஎஸ்பியின் மட்டத்துக்குச் சரிகிறது. அந்த மட்டத்தில் நின்றுகொண்டு தன்னால் முடிந்த அத்தனையையும் அது தருகிறது, குறைவதை மட்டும் யூஎஸ்பி நிரப்புகிறது. மேகத்தின் கீழ் பேனல் 180, யூஎஸ்பி 320. மேகம் விலகியதும் பேனல் 410, யூஎஸ்பி 90. எந்தக் கணினி நிரலும் இல்லாமல், இரண்டு டையோடுகள் இந்தப் பங்கீட்டைச் செய்துவிடுகின்றன.

டையோடில் வீணாகும் 0.35 வோல்ட்டைப் பொறுக்காதவர்கள் எல்டிசி4412 போன்ற ஐசியைப் பார்க்கலாம். மாஸ்ஃபெட்டை டையோடாக நடத்தி இழப்பை 20 மில்லிவோல்ட் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். கையில் சுமக்கும் வானொலிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

12 ஆகஸ்ட் 2024

பெட்டிக்கு டைப்-சி யூஎஸ்பி வாய் வைத்துவிட்டுச் சார்ஜ் ஆகவில்லை என்பவருக்கு: ஏ-டு-சி கேபிளில் சார்ஜ் ஆகி, சி-டு-சி கேபிளில் ஆகவில்லையென்றால், அந்த வாயில் உள்ள சிசி1, சிசி2 என்ற இரண்டு முனைகளிலும் தனித்தனியாக 5.1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தரைக்குக் கட்டுங்கள். அது இல்லாமல் சி வகைச் சார்ஜர் மின்சாரத்தைத் திறக்கவே திறக்காது. இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் கட்டாதீர்கள். சில கேபிள்களில் இயங்காது.

25 ஆகஸ்ட் 2024

சூடு. பேனலையும் செல்லையும் ஒரே பெட்டியில் அடைப்பவர்கள் இதை மறக்கிறார்கள். லித்தியம் அயனி செல்லை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்றுதான் பெரும்பாலான செல்களின் குறிப்புகள் சொல்கின்றன. எங்கள் மாடியில், கறுப்புப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி மதியம் 1 மணிக்கு 52 காட்டியது. டிபி4056 ஐசியில் வெப்பத்தைப் பார்க்க ஒரு கால் இருக்கிறது. மலிவான போர்டுகளில் அதைத் தரையில் பற்றவைத்து ஊமையாக்கிவிடுகிறார்கள். பிக்யூ24074இல் 10 கிலோஓம் தெர்மிஸ்டரை (சூட்டுக்கேற்பத் தடை மாறும் ரெசிஸ்டரை) செல்லின் உடம்போடு ஒட்டிவைத்தால், சூடு மிஞ்சும்போது அது சார்ஜை நிறுத்திவைக்கும். கருவி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நான் இப்போது பேனலை இரண்டு மீட்டர் கம்பியில் வெயிலில் வைத்துவிட்டு, பெட்டியைத் திண்ணை நிழலில் வைக்கிறேன்.

20 அக்டோபர் 2024

மழைக்காலம் தொடங்கிவிட்டது. 2018இல் நடந்ததை, பிக்யூ24074 போர்டு வைத்த பெட்டியில் வேண்டுமென்றே திரும்ப நடத்திப் பார்த்தேன். நேற்று இரவு விளக்கை அணைக்காமல் விட்டேன். காலையில் செல் 2.81 வோல்ட். விளக்கின் சுவிட்சைத் தொடவில்லை. ஏழரை மணிக்கு, சாம்பல் நிற வானத்தின் கீழ் பேனலை முற்றத்தில் வைத்துக் கம்பியைச் செருகினேன். விளக்கு மங்கலாக வந்தது, வானொலி வரவில்லை. காலை வெளிச்சம் இரண்டுக்கும் போதவில்லை. எட்டேகாலுக்கு மேகம் சற்றே வெளுத்தது. கருவியின் முனையில் மின்னழுத்தம் 4.38க்கு ஏறியது, செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாகக் கேட்டது. அந்த நேரத்திலும் செல் 2.81இலேயே இருந்தது. அது 3 வோல்ட்டைத் தாண்ட அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் ஆயிற்று.